படம் எந்த வாசலால் வெளியே போனது?



சென்ற மாதம் நமது வானொலியில் நான் பேசியதைக் கேட்ட பலர், அதை எழுத்திலும் தரும்படி கேட்டிருந்தார்கள். நேரம் போதாமையால் அன்று சொல்லாமல் விட்ட சில விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இது எங்கள் குடும்பத்தில் நடந்தது. என் அக்காவின் மகளுடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளிடம் கொடுத்தேன். அவள் வாசித்து இரண்டு இடத்தில் திருத்தித் தந்தாள்.

ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணியிருக்கும். அக்கா ரெலிபோன் எடுத்தா. "தம்பி, உடன வா. இங்க ஒருத்தரும் சாப்பிடேல்ல" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. ஓகூஸில் எங்கள் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் கால் மணி நேரம். நான் போனபோது அத்தான் கோலுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். மருமகள் தன் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். அவளுக்கு 22 வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

லண்டனிலிருக்கும் உறவினர் ஒருவர் வட்ஸ்அப்பில் நாலு படங்களை அனுப்பி, "இது உங்கட பிள்ளையோ?" என்று கேட்டிருந்தார். பேஸ்புக்கில் மருமகளின் பெயரிலேயே யாரோ ஒரு போலிக் கணக்குத் திறந்து, அவள் தன் அறைக்குள் இரவு உடுப்புடன் கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே எடுத்த ஏழு படங்களைப் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களைத் தான் ஒருவருக்கும் அனுப்பவில்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள்.

"அனுப்பாத படம் எப்பிடி அங்க போகும்?" என்று அத்தான் சத்தம் போட்டார். மருமகளுடன் சேர்ந்து படிக்கும் ஒரு டெனிஷ் பையன் மேல் அவருக்குச் சந்தேகம். நான் வருவதற்கு முன்பே அந்தப் பையனின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து ஏசியும் விட்டார். அக்காவுக்கோ ரெலிபோன் திருத்தும் கடை மேல் சந்தேகம். அந்தக் கோடையில் மருமகளின் ரெலிபோன் கண்ணாடி உடைந்து, கடையில் கொடுத்து மாற்றியிருந்தார்கள்.

நானோ பல வருடங்களாகக் கணினிப் பராமரிப்பு வேலை செய்பவன். இப்படியான நேரத்தில் எதை முதலில் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மருமகளின் கதவடியில் நின்று நான் கேட்ட முதலாவது கேள்வி, "ஏன் பிள்ளை இப்பிடிப் படம் எடுத்தனீ?" என்பதுதான். கதவு திறக்கவில்லை. "நீங்களும் அதைத்தானே மாமா கேக்கிறீங்கள்" என்று ஒரு குரல் மட்டும் உள்ளே கேட்டது.

அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், ஒருவருடைய அந்தரங்கப் படம் வெளியே போவதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று பார்ப்போம். வீட்டில் களவு போனால் பொலிஸார் வந்து முதலில் பார்ப்பது எந்தக் கதவு திறந்திருந்தது, எந்த யன்னல் உடைந்திருக்கிறது என்பதைத்தான். படம் களவு போனாலும் அதே முறைதான். வாசலைக் கண்டுபிடித்தால் ஆள் தானாகவே தெரியவரும். ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு வாசலைத் தேடினால், பெரும்பாலும் பிழையான ஆளைத்தான் பிடிப்போம்.

முதலாவது வாசல் கடவுச்சொல்

இந்த நாட்டில் நன்கு அறியப்பட்ட ஒரு சம்பவம் எம்மா ஹோல்டன் என்ற டெனிஷ் பெண்ணுடையது. 2011ஆம் ஆண்டு ஒரு நாள் காலையில் அவரால் தன்னுடைய மின்னஞ்சலுக்குள்ளும் பேஸ்புக்குக்குள்ளும் போக முடியவில்லை. யாரோ உள்ளே புகுந்து, அவருடைய அந்தரங்கப் படங்களை எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆண்கள் பல நாடுகளிலிருந்தும் அவருக்குக் கேவலமாக எழுதினார்கள். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 2014இல் தன் சொந்த விருப்பத்துடன் எடுத்த படங்களையும் ஒரு கட்டுரையையும் வெளியிட்டு, சம்மதம் என்பதே இங்கே கேள்வி, உடல் அல்ல என்று வாதாடினார். டென்மார்க்கில் இந்த விடயம் பகிரங்கமாகப் பேசப்படுவதற்கு அவருடைய குரல் ஒரு முக்கிய காரணம்.

அதே 2014 ஆகஸ்ட் கடைசியில் ஜெனிபர் லோறன்ஸ் உட்படப் பல ஹொலிவூட் நடிகைகளின் படங்கள் வெளியாகின. அப்பிள் நிறுவனத்தின் கணினிகளையே உடைத்துவிட்டார்கள் என்றுதான் உலகம் முதலில் பேசியது. தங்கள் அமைப்பு உடைக்கப்படவில்லை, குறிப்பிட்ட ஆட்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்புக் கேள்விகளையும் குறிவைத்துத்தான் தாக்கியிருக்கிறார்கள் என்று அப்பிள் விளக்கம் கொடுத்தது. பிற்பாடு அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த றயன் கொலின்ஸ் என்பவர் பிடிபட்டார். அப்பிளிலிருந்தும் கூகுளிலிருந்தும் வருவதுபோலப் பொய் மின்னஞ்சல் அனுப்பி, கடவுச்சொல்லை அந்த ஆட்களிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். ஆகக் குறைந்தது 50 ஐகிளவுட் கணக்குகளுக்கும் 72 ஜிமெயில் கணக்குகளுக்கும் இப்படி வழி திறந்தார். 2016இல் அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. படங்களை இணையத்தில் போட்டவரும் அவர்தான் என்று நிரூபிக்கப்படவில்லை. எடுத்தவர் ஒருவர், போட்டவர் இன்னொருவர் என்றும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வாசலுக்கு ஒரு பூட்டு உண்டு. மிட்-ஐடி எல்லோருக்கும் பழக்கம்தானே. உங்கள் பயனர் பெயரை வேறொருவர் அறிந்தாலும், உங்கள் ரெலிபோனில் நீங்கள் சம்மதம் கொடுக்காமல் உங்கள் வங்கிக்குள் போக முடியாது. மின்னஞ்சலுக்கும் படக் கணக்குக்கும் இதேபோல இரண்டாவது பூட்டுப் போடலாம். இரண்டு படி உறுதிப்படுத்தல் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பூட்டும், பொய்த் தகவலை நம்பி நாங்களே சம்மதம் கொடுத்துவிட்டால் உதவாது.

இரண்டாவது வாசல் பெற்றுக்கொண்டவர்

நம்பி அனுப்பிய படம், நம்பிக்கை முறிந்தபின் வெளியே வருகிறது. சில வேளைகளில் பெற்றவர் நல்லவராகவே இருப்பார். அவருடைய ரெலிபோனை எடுத்துப் பார்த்த சிநேகிதன் அனுப்பியிருப்பான். இங்கே எந்தத் தொழில்நுட்பமும் உடைக்கப்படுவதில்லை.

மூன்றாவது வாசல் திருத்தக் கொடுத்த கை

2008ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் வெளியாகி ஆசியா முழுவதும் பேசப்பட்டன. அவர் திருத்தக் கொடுத்த கணினியிலிருந்து அவை எடுக்கப்பட்டிருந்தன. ஒரு கணினித் தொழில்நுட்பவியலாளருக்கு 2009இல் எட்டரை மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆகவே அக்காவின் சந்தேகம் அர்த்தமில்லாதது அல்ல. ஆனால் சந்தேகம் வேறு, பொருத்தம் வேறு.

நான்காவது வாசல் எங்களுடைய மற்றச் சாதனம்

இதைத்தான் எம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்றைய ரெலிபோனில் எடுக்கும் படம் அந்த ரெலிபோனில் மட்டும் இருப்பதில்லை. தன்பாட்டில் இணையத்திலுள்ள ஒரு பெட்டகத்துக்குப் போகிறது. அந்தப் பெட்டகத்தின் திறப்பு எத்தனை சாதனங்களில் இருக்கிறதோ, அத்தனையிலும் படம் தெரியும். வீட்டு ஐபாட், தம்பி விளையாடும் பழைய கணினி, லாச்சிக்குள் கிடக்கும் பழைய ரெலிபோன் எல்லாம் இதற்குள் அடங்கும்.

சரி, எங்கள் வீட்டு விடயத்துக்கு வருவோம்.

நள்ளிரவுக்குப் பிறகு மருமகள் கதவைத் திறந்தாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று கேள்விகளை ஒழுங்காகக் கேட்டோம்.

முதலாவது, இவை உண்மையான படங்களா? இன்று செயற்கை நுண்ணறிவு மூலம் ஒருவருடைய முகத்தை வைத்து, இல்லாத படத்தையே உருவாக்கிவிடலாம். அப்படியானால் எந்த வாசலும் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். ஆனால் இவை உண்மையானவை. அவளுடைய அறை, அவளுடைய மேசை, அவளுடைய யன்னல்சீலை.

இரண்டாவது, எந்தப் படங்கள், எப்போது எடுத்தவை? ஏழில் ஆறு படங்கள் அவளுடைய ரெலிபோனில் திகதியுடன் இருந்தன. எல்லாம் செப்டெம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் எடுத்தவை. கண்ணாடி மாற்றியது யூலையில். கடைக்காரர் கையில் ரெலிபோன் இருந்தபோது இந்தப் படங்கள் பிறக்கவேயில்லை. அக்காவின் சந்தேகம் அதோடு முடிந்தது.

ஏழாவது படம் ரெலிபோனில் இல்லை. "அது எனக்குப் பிடிக்கேல்ல மாமா. ஞாயிற்றுக்கிழமை எடுத்தனான், திங்கள் அழிச்சிட்டன்" என்றாள். இந்த ஒரு சொல்லில்தான் எனக்கு வெளிச்சம் பட்டது. ஒரு நாள் மட்டும் இருந்த படம் அந்த ஆளிடம் இருக்கிறதென்றால், அவர் ஒரு தடவை வந்து களவெடுத்துப் போனவர் அல்ல. படம் எடுக்க எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த ஞாயிறு முழுவதும் மருமகள் வீட்டில்தான் இருந்தாள். கூடப் படிக்கும் பையன் அவளுடைய ரெலிபோனைக் கண்டிருக்கவே முடியாது.

மூன்றாவது, கணக்குக்குள் யார் யார் இருக்கிறார்கள்? புதிதாக யாராவது உள்ளே வந்தால் அவளுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவது பூட்டும் போட்டிருந்தாள். அப்படியென்றால் உள்ளே இருப்பவர் புதியவர் அல்ல, ஏற்கனவே அனுமதி பெற்ற ஒரு சாதனம். கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய்ச் சாதனங்களின் பட்டியலைத் திறந்தோம். மூன்று இருந்தன. அவளுடைய ரெலிபோன், அவளுடைய கணினி, இன்னுமொரு பழைய ரெலிபோன். அந்த மூன்றாவதன் கீழே கடைசியாகப் பயன்படுத்திய நாள் நேற்று என்றும், நாடு இலங்கை என்றும் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அக்காதான் வாயைத் திறந்தா. "ஐயோ, அது நான் கொண்டுபோய்க் குடுத்த ரெலிபோன்."

ஆகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனபோது, அத்தானின் தம்பியுடைய மகனுக்குப் படிப்புக்கு உதவுமென்று, மருமகளின் பழைய ரெலிபோனைச் சூட்கேசுக்குள் சொக்லேட்டோடும் உடுப்புகளோடும் வைத்துக் கொண்டுபோயிருக்கிறா. நல்ல மனதோடு செய்த வேலை. நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் உள்ளே இருந்த கணக்கை ஒருவரும் வெளியேற்றவில்லை. ரெலிபோனைத் திறக்கும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிப் பின்னால் ஒட்டிக் கொடுத்திருக்கிறா. அன்று தொடக்கம் ஓகூஸில் எடுத்த ஒவ்வொரு படமும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை அதைக் கவனிக்கவேயில்லை. ரியூசனில் கைமாறிக் கைமாறிப் போன ரெலிபோனில் வேறொருவன் கவனித்திருக்கிறான். யார் என்று பிறகு தெரியவந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. மருமகள் முதலில் சாதனப் பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அந்த ரெலிபோனைக் கணக்கிலிருந்து வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றினாள். போலிக் கணக்கைப் பற்றி முறையிட்டோம். சில நாட்களில் அது அகற்றப்பட்டது. அடுத்த நாள் அத்தான் அந்த டெனிஷ் பையனின் வீட்டுக்கு நேரே போய் மன்னிப்புக் கேட்டார். பையனின் தாய் அவரை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தாவாம். திரும்பி வந்த அத்தான் அன்று முழுவதும் அதிகம் கதைக்கவில்லை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அந்தப் போலிக் கணக்கைப் பார்த்தவர்கள் மிகச் சிலர்தான். படங்களை லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் கொண்டுபோனது யார்? எங்கள் உறவினர்கள்தான். "பாவம், பார்த்தீங்களோ?" என்று ஒருவர் அனுப்ப, "ஆருடைய பிள்ளை?" என்று இன்னொருவர் அனுப்ப, இரண்டே நாளில் எத்தனை ரெலிபோன்களுக்குப் போனது என்று எண்ண முடியவில்லை. களவெடுத்தவன் ஒருவன். பரப்பியவர்கள் நாங்கள்.

டென்மார்க்கில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2018 ஜனவரியில் அம்பிரெல்லா வழக்கு என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 15 வயதுப் பிள்ளைகளின் பாலியல் காணொளிகள் மெசஞ்சர் மூலம் கைமாறிக்கொண்டிருந்தன. பேஸ்புக் நிறுவனம் அமெரிக்க அதிகாரிகளுக்கு அறிவித்து, அங்கிருந்து யூரோபோல் மூலம் டெனிஷ் பொலிஸாருக்குத் தகவல் வந்தது. நாடு முழுவதிலும் 1,004 இளைஞர் யுவதிகள் மேல் குற்றம் சுமத்தப்பட்டது. பலர் ஒன்றிரண்டு தடவை அனுப்பியவர்கள்தான். இந்த நாட்டில் பாலுறவுக்குச் சம்மத வயது 15. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவரின் பாலியல் படத்தை அனுப்புவது தண்டனைச் சட்டத்தின் 235ஆம் பிரிவின்படி சிறுவர் சம்பந்தமான பாரிய குற்றம். தண்டனை பதிவில் ஏறினால், பிள்ளைகளோடு வேலை செய்யும் வாய்ப்பே பல வருடங்களுக்கு அடைபட்டுப் போகலாம். "நான் எடுக்கேல்ல, வந்ததை அனுப்பினனான்" என்ற விளக்கம் அங்கே எடுபடவில்லை.

வளர்ந்தவர்களின் படங்களுக்கும் சட்டம் உண்டு. மற்றவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றிப் பரப்புவது 264 டி பிரிவின் கீழ்க் குற்றம். 2018இல் இதன் உச்சத் தண்டனை, பாரதூரமான சந்தர்ப்பங்களில் 6 மாதத்திலிருந்து 3 வருடமாக உயர்த்தப்பட்டது. எச்சரிக்கை செய்வதற்காக அனுப்பினேன் என்றாலும் அனுப்பியது அனுப்பியதுதான். சொல்லவேண்டுமென்றால் படத்தை அனுப்பாமல், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் செய்யவேண்டியவை இவை.

முதலில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஏசாதீர்கள். இரவில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

அவசரத்தில் எதையும் அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், முகவரி, திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வளர்ந்தவரின் படமென்றால் திரையைப் படமெடுத்து வைக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவரின் படமென்றால் அதைச் சேமித்து வைக்க வேண்டாம், முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு பொலிஸுக்கு அறிவியுங்கள். அவசரமில்லாத விடயங்களுக்குப் பொலிஸ் இலக்கம் 114.

பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த முறையும் கேட்பார்கள்.

படம் மேலும் பரவாமல் தடுக்க, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டொப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. உங்கள் ரெலிபோனிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் கணிக்கப்படும். அந்த எண் மட்டுமே நிறுவனங்களுக்குப் போகும், படம் போகாது. இதில் சேர்ந்திருக்கும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கலாம். சேராத தளங்களில் இது வேலை செய்யாது. 18 வயதுக்குக் குறைந்தபோது எடுத்த படங்களுக்கு 2023இல் தொடங்கிய டேக் இட் டவுன் என்ற சேவை உண்டு. இங்கே ரெட் பார்னெட் அமைப்பு ஸ்லெட் டெ என்ற பெயரில் ஆலோசனை வழங்குகிறது. பெற்றோரிடம் சொல்லப் பயப்படும் பிள்ளைகள் 116 111 என்ற சிறுவர் தொலைபேசிக்குக் கதைக்கலாம்.

ஊருக்கு ரெலிபோன் கொடுத்துவிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பிறகு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அதை முற்றாக அழித்துவிடுங்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களென்றால், இன்றிரவே உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயரோ, மறந்துபோன பெயரோ இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, நான் கதவடியில் கேட்ட அந்தக் கேள்வி. அது வாசலைக் கண்டுபிடிக்க ஒரு துளியும் உதவவில்லை. திகதி உதவியது, அழித்த படம் உதவியது, சாதனப் பட்டியல் உதவியது. என் கேள்வி செய்ததெல்லாம், பதில் தெரிந்த ஒரேயொரு ஆளை இரண்டு மணி நேரம் வாய்திறக்க விடாமல் செய்ததுதான். தன் அறையில் தன் ரெலிபோனில் ஒரு பிள்ளை படமெடுத்தது களவும் அல்ல, குற்றமும் அல்ல.

மருமகள் இரண்டு இடத்தில் திருத்தினாள் என்று சொன்னேன் அல்லவா? ஒன்று, ஒரு மாதத்தின் பெயரை நான் பிழையாக எழுதியிருந்தேன். மற்றது, "படங்களால் வந்த அவமானம்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் "அவமானம் அனுப்பினவைக்கு" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அப்படியே எடுத்துவிட்டேன்.